வீட்டில் இரண்டு மொழி: ஒரு பழைய கணக்கைத் தேடிப் போன கதை

மாலை ஆறு மணிக்கு நம் குடியிருப்புப் பூங்காவில் உட்கார்ந்தால் நான்கைந்து மொழிகளாவது காதில் விழும். தமிழ், தெலுங்கு, மலையாளம், ஹிந்தி, வங்காளம் எல்லாம் உண்டு. கணவனுக்கு ஒரு மொழி, மனைவிக்கு ஒரு மொழி என்று குடித்தனம் நடத்தும் வீடுகள் இப்போது நம்மிடையே நிறைய. எங்கள் வீடும் அப்படித்தான். என் மருமகள் கொல்கத்தாப் பெண்.

மூத்த பேரன் பிறந்தபோது வீட்டில் யாரும் எதையும் திட்டமிடவில்லை. மகனும் நாங்களும் அவனைத் தமிழில் கொஞ்சினோம். மருமகள் வங்காளத்தில் கொஞ்சினாள். மகனும் மருமகளும் தங்களுக்குள் ஆங்கிலம். பேரன் மூன்று வயதில் பிளே ஸ்கூல் சேர்ந்தான். அதிகம் பேசாத பிள்ளை. ஒரு நாள் டீச்சர் கூப்பிட்டு அனுப்பி, "மூணு பாஷை கேட்டுக் குழந்தை குழம்பிப் போறான். இனிமே வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்றார். மருமகள் தயங்கினாள். "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னிடம்தான் கேட்டாள். "டீச்சர் படிச்சவங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவனுக்கு வயது 12. ஆங்கிலம் பிரமாதமாகப் பேசுகிறான். என் மனைவிக்கு ஆங்கிலம் வராது. "சாப்டியாடா?" "யெஸ் பாட்டி." "ஸ்கூல்ல என்ன நடந்தது?" "நத்திங் பாட்டி." அதோடு பேச்சு முடிந்துவிடும். கொல்கத்தாவிலிருந்து அவனுடைய திதா, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, வீடியோ காலில் வந்தால் கையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவான். இரண்டு பாட்டிகளுக்கும் ஒரே நிலைமை.

இப்போது பேத்திக்கு இரண்டரை வயது. வருகிற ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். மருமகள் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். இந்த முறை நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. வங்கியில் 35 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். லெட்ஜரில் ஒரு தொகை உதைத்தால், அது எந்த வவுச்சரிலிருந்து வந்தது என்று தேடிப் போவதுதான் எங்கள் பழக்கம். "இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும்" என்ற பதிவு எந்த வவுச்சரிலிருந்து வந்தது என்று தேடினேன். சில மாதங்கள் படித்தேன். நம் குடியிருப்பில் வேறு சில வீடுகளிலும் இதே கேள்வி இருப்பதால், படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒரு பிரெஞ்சு அப்பா, ஒரு ஜெர்மன் அம்மா

இந்த விஷயத்தில் முதலில் பேசப்படும் வீடு பிரான்ஸ் நாட்டில் இருந்தது. ஜூல் ரோன்ஜா என்பவர் மொழியியல் அறிஞர். அவர் மனைவி ஜெர்மனியைச் சேர்ந்தவர். 1908இல் அவர்களுக்கு லூயி என்ற மகன் பிறந்தான். குழந்தையிடம் எந்த மொழியில் பேசுவது என்ற கேள்வி அவர்களுக்கும் வந்தது. மோரிஸ் கிராமோன் என்ற இன்னொரு மொழியியல் அறிஞர் அவர்களுக்கு எளிய யோசனை ஒன்றைச் சொன்னார். அப்பா எப்போதும் பிரெஞ்சிலேயே பேசட்டும், அம்மா எப்போதும் ஜெர்மனிலேயே பேசட்டும், இதை மாற்றவே வேண்டாம் என்பதுதான் அது. "ஒருவருக்கு ஒரு மொழி" என்று இன்று உலகம் முழுக்கப் பெற்றோர்கள் சொல்லும் முறை இந்த வீட்டிலிருந்து பரவியதுதான்.

ரோன்ஜா குழந்தையின் பேச்சைத் தொடர்ந்து கவனித்துக் குறித்துக்கொண்டே வந்தார். 1913இல் அந்தக் குறிப்புகள் பாரிஸில் புத்தகமாக வெளிவந்தன. பையன் இரண்டு மொழிகளையும் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே பேசினான், இதனால் அவன் வளர்ச்சிக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை என்பது அவர் கண்ட முடிவு.

ஆக, நான் தேடிய விஷயத்தில் முதல் வவுச்சரே "குழப்பம் இல்லை" என்றுதான் சொல்கிறது. ஒரே ஒரு குழந்தை, அதுவும் படித்த வீட்டுக் குழந்தை என்பது உண்மைதான். ஆனாலும் 1913லேயே இப்படி ஒரு புத்தகம் வந்திருக்கும்போது, அதற்கு நேர்மாறான பேச்சு எப்படி நிலைத்தது? அடுத்த ஆண்டே போர் வந்தது என்பது ஒரு காரணம்.

டெலிபோனில்கூடப் பேசக்கூடாது

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியது. பிரான்ஸும் ஜெர்மனியும் எதிரிகள். லூயியின் அப்பா மொழியும் அம்மா மொழியும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன என்றே சொல்லலாம். அந்தக் குடும்பம் போர்க்காலத்தில், இரண்டு பக்கமும் சேராத சுவிட்சர்லாந்தின் ஜெனிவாவில் போய் இருந்தது.

அமெரிக்கா 1917இல் போரில் இறங்கியது. அங்கே ஜெர்மன் மொழி பேசும் குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருந்தன. திடீரென்று அவர்கள் வீட்டுப் பேச்சே சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. 1918 மே மாதம் அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் ஆணை போட்டார். பள்ளிக்கூடத்தில், பொது இடத்தில், ரயிலில், டெலிபோனில் எங்கேயும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது. ஆங்கிலம் புரியாதவர்கள் தங்கள் பிரார்த்தனையை வீட்டுக்குள் செய்துகொள்ள வேண்டும்.

பக்கத்து மாநிலமான நெப்ராஸ்கா 1919இல் ஒரு சட்டமே இயற்றியது. எட்டாம் வகுப்பு தேறும்வரை எந்தப் பிள்ளைக்கும் வேற்று மொழி கற்பிக்கக் கூடாது. அங்கே ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர், தேவாலயம் நடத்திய ஒரு பள்ளியில், 10 வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்காக அவருக்கு 25 டாலர் அபராதம். அவர் கட்டிவிட்டுப் போகவில்லை, வழக்குப் போட்டார். மாநில நீதிமன்றத்தில் தோற்று, கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனார். 1923 ஜூனில், ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், இரண்டு பேர் மறு பக்கம் என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நெப்ராஸ்கா சட்டம் செல்லாது, பிள்ளை என்ன கற்க வேண்டும் என்பதில் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

சட்டப்படி அந்தக் குடும்பங்கள் ஜெயித்தன. ஆனால் அதே 1923இல், கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தீர்ப்பு வந்தது. அது நீதிமன்றத் தீர்ப்பு இல்லை, ஆராய்ச்சி முடிவு. பெற்றோர் மனதில் நின்றது அந்த வகை முடிவுகள்தான்.

வேல்ஸ் நாட்டுக் கணக்கு

பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸில் வெல்ஷ் என்ற தனி மொழி உண்டு. வெல்ஷும் ஆங்கிலமும் கலந்த குடும்பங்கள் அங்கே காலம் காலமாக இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பல பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அவன் இன்னொருவன் வெல்ஷ் பேசுவதைக் கேட்டால் அதை அவன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். நாள் முடிவில் யார் கழுத்தில் அது இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. நண்பனைக் காட்டிக்கொடுக்கக் கற்றுத்தரும் முறை இது.

இந்த மண்ணில்தான் 1923இல் டி.ஜே. சேர் என்பவர் தன் ஆராய்ச்சியை வெளியிட்டார். 7 முதல் 14 வயதுவரை சுமார் 1,400 பிள்ளைகளுக்கு அறிவுத் தேர்வு வைத்தார். கிராமப்புறத்தில் இரண்டு மொழி பேசும் பிள்ளைகள், ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். இரண்டு மொழியால் வரும் மனக் குழப்பம் என்று பேச்சு எழுந்தது. எங்கள் டீச்சர் சொன்ன அதே வார்த்தை!

நான் ஒரு காமர்ஸ் பட்டதாரி. எனக்கு மனோதத்துவம் தெரியாது. ஆனால் கணக்கில் எங்கே ஓட்டை என்று ஓரளவு தெரியும். சேர் செய்த அதே ஆராய்ச்சியில், நகரத்துப் பிள்ளைகளிடையே அப்படிப்பட்ட வித்தியாசம் தென்படவில்லை. நகரத்திலும் அதே இரண்டு மொழிகள்தான். மொழிதான் காரணம் என்றால் அங்கேயும் மதிப்பெண் குறைந்திருக்க வேண்டுமே? கிராமத்தில் வெல்ஷ் பேசிய வீடுகளின் வசதி என்ன, பெற்றோர் தொழில் என்ன, படிப்பு என்ன என்பதையெல்லாம் ஈடுகட்டாமல் ஒப்பிட்டுவிட்டார்கள் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் குறை சொன்னார்கள். பெட்டிக்கடையின் ஐந்தொகையையும் பெரிய கம்பெனியின் ஐந்தொகையையும் பக்கத்தில் வைத்து, "பெட்டிக்கடைக்காரர் தமிழில் கணக்கு எழுதியதால்தான் லாபம் குறைவு" என்று சொன்னால் நம் மேனேஜர் ஒப்புக்கொள்வாரா?

1926இல் அமெரிக்காவில் புளோரன்ஸ் குட்எனஃப் என்ற ஆராய்ச்சியாளர், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். வீட்டில் சொந்த மொழி பேசும் குழுக்களில் அறிவுத் தேர்வு மதிப்பெண் குறைவாக இருந்தது. வீட்டில் வேற்று மொழி பேசுவதே பின்தங்கலுக்கு ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடும்பத்தில்தான் சொந்த மொழி அதிகம் புழங்கும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். இருந்தாலும் "வீட்டு மொழியை விடுங்கள்" என்ற ஆலோசனை நிலைத்துவிட்டது. எனக்குத் தெரிந்தவரை, நான் தேடிய வவுச்சர் இதுதான். கையெழுத்து இருக்கிறது, ஆனால் தணிக்கையில் நிற்காத வவுச்சர்.

மான்ட்ரியலில் சரிபார்த்தார்கள்

அந்தத் தணிக்கை 1962இல் நடந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிரெஞ்சும் ஆங்கிலமும் அக்கம்பக்கத்தில் புழங்கும். எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இருவர் அங்கே பிரெஞ்சுப் பள்ளிகளில் படிக்கும் 10 வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்கள், மறு பக்கம் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள். இந்த முறை இரண்டு பக்கமும் குடும்ப வசதி ஒரே அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு மொழி தெரிந்த பிள்ளைகள்தான் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். வார்த்தை சம்பந்தப்பட்ட தேர்விலும், படம், வடிவம் சம்பந்தப்பட்ட தேர்விலும் அப்படியே. இதிலும் குறை சொன்னவர்கள் உண்டு. இரண்டு மொழியிலும் சமமாகத் தேர்ந்த பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்தால், அவர்கள் முதலிலேயே கெட்டிக்காரர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? நியாயமான கேள்விதான். அதனால் "இரண்டு மொழி தெரிந்தால் பிள்ளை மேதாவி ஆகிவிடுவான்" என்று நான் யாருக்கும் சொல்லத் தயாரில்லை. ஆனால் இரண்டு மொழியால் அறிவு குறையும் என்ற பழைய பதிவு அன்றோடு ஆட்டம் கண்டது.

மதுரையில் வேலை பார்த்த காலத்தில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் பலர் எங்கள் கிளையில் வாடிக்கையாளர்கள். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவிலும் கடையிலும் தமிழ். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். வட்டிக் கணக்கில் அவர்கள் ஒரு நாளும் குழம்பி நான் பார்த்ததில்லை. கண்ணெதிரே இதைப் பார்த்தவன்தான் டீச்சர் சொன்னதும் தலையாட்டினேன்.

ஒரு வீடு, இரண்டு பெண்கள்

மதிப்பெண் கணக்கு முடிந்தது. பாட்டிகளின் கணக்கு இன்னும் பாக்கி. மொழி பிள்ளையிடம் தங்குமா என்பதுதான் அது. அதற்கு மறுபடியும் ஒரு வீட்டுக்குள் போக வேண்டும்.

வெர்னர் லியோபோல்ட் அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் பேராசிரியர். மனைவி அமெரிக்கப் பெண். 1930இல் ஹில்டகார்ட் என்ற மகள் பிறந்தாள். அப்பா ஜெர்மன், அம்மா ஆங்கிலம் என்று அவர்களும் பிரித்துக்கொண்டார்கள். அவள் பேச்சை அவர் நாள்தோறும் டைரியில் எழுதினார். 1939 முதல் 1949வரை அது நான்கு தொகுதிகளாக வந்தது. அவர் கவனித்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ஒரே கதையை இரண்டு மொழியிலும் கேட்டுப் பழகியதால், அவள் வார்த்தையைவிடப் பொருளைத்தான் பிடித்துக்கொண்டாள். கதையில் ஒரு வார்த்தை மாறினால் பல குழந்தைகள் அழுது அடம்பிடிக்கும். அவள் பிடிக்கவில்லை.

ஆனால் எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. ஊர் முழுக்க ஆங்கிலம், ஜெர்மன் பேச அப்பா ஒருவர்தான். ஹில்டகார்டின் ஜெர்மன் வர வரத் தளர்ந்தது. ஐந்து வயதில் அவளை ஜெர்மனிக்கு அழைத்துப்போனார்கள். சில வாரங்களிலேயே ஜெர்மன் சரளமாக வந்தது, ஆங்கிலம் திணறியது. அமெரிக்கா திரும்பியதும் ஆங்கிலம் ஓடி வந்தது, ஜெர்மன் திணறியது. கொஞ்ச மாதங்களில் இரண்டும் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன.

இரண்டாவது மகள் கார்லா, அக்காவைவிட ஆறு வயது இளையவள். அப்பா அவளிடமும் ஜெர்மனில்தான் பேசினார். அவள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு ஆங்கிலத்திலேயே பதில் சொல்வாள். நம் வீடுகளில் நாம் தினமும் பார்க்கிற காட்சி. "இவளுக்கு ஜெர்மன் போய்விட்டது" என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 19 வயதில் அவள் ஜெர்மனிக்குப் போனபோது, எதிர்பாராத அளவுக்கு ஜெர்மனில் பேசினாள்.

வங்கியில் இருந்தவர்களுக்கு இது புரியும். பல வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கை "டார்மன்ட்" என்று தனியாக எடுத்து வைப்போம். கணக்கை மூடியதாக அர்த்தமில்லை. உள்ளே பணம் இருக்கிறது. கணக்குக்காரர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் மறுபடி உயிர் வரும். ஆனால் உள்ளே ஏதாவது போட்டு வைத்திருந்தால்தான் எடுக்க முடியும். கார்லாவின் அப்பா அவள் பதில் சொல்லாத வருஷங்களிலும் போட்டுக்கொண்டே இருந்தார்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2007இல் அனிக் டி ஹூவர் என்ற ஆராய்ச்சியாளர் பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியில் சுமார் 1,900 குடும்பங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். வீட்டில் இன்னொரு மொழியும் புழங்கும் குடும்பங்கள் அவை. ஏறக்குறைய நான்கில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் அந்த இன்னொரு மொழியைப் பேசவில்லை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்ட வீடுகளைவிட, இருவருமே வீட்டில் சிறுபான்மை மொழியைப் பேசிய வீடுகளில் அது அதிகம் தங்கியது. வெளியுலக மொழியைப் பிள்ளை எப்படியும் கற்றுக்கொள்ளும். வீட்டு மொழிக்கு வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது.

நின்றுபோன லிஃப்ட்

ஆகஸ்ட் மாதம் எங்கள் பிளாக் லிஃப்ட் நின்றுபோனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உள்ளே என் பேரனும், மேல் வீட்டில் வேலை செய்யும் பெண்ணும் இருந்தார்கள். அந்தப் பெண் பயந்து அழ ஆரம்பித்துவிட்டாள். இன்டர்காமில் எடுத்த நம் செக்யூரிட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பேரன் அவரிடம், "அண்ணா, லிஃப்ட் நின்னுபோச்சு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. அக்கா அழறா. சீக்கிரம் வா" என்று சொல்லியிருக்கிறான். செக்யூரிட்டி அதை என் மனைவியிடம் சொல்லி, "உங்க பேரன் நல்லாத்தானே தமிழ் பேசறான்?" என்றார். "வாங்க" என்று சொல்ல அவனுக்கு வரவில்லை, "வா" என்றுதான் வந்தது. என் மனைவி அந்த நாலு வாக்கியத்தை அன்று எத்தனை பேரிடம் சொன்னாள் என்று கணக்கு இல்லை. நாங்கள் ஒன்பது வருஷம் அவனிடம் பேசாமல் நிறுத்திவைத்தாலும், எங்களுக்குள் பேசிக்கொண்டதை அவன் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

விஜயதசமி தமிழ் வீட்டுக்கும் வங்காளி வீட்டுக்கும் பொதுவான நாள். அன்று மருமகளிடம் என் பதிலைச் சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. நீ பேத்திகிட்ட உன் பாஷைல பேசு. நாங்க எங்க பாஷைல பேசறோம்." அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பெரியவன்கிட்டயும் பேசலாமாப்பா?" என்று கேட்டாள். அவனிடமும் ஆரம்பித்திருக்கிறோம். இன்னும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வருகிறது. பரவாயில்லை, போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். குழந்தை வயதுக்குத் தகுந்தபடி பேசவில்லை என்றால் டாக்டரைப் பார்ப்பதில் தாமதம் கூடாது. காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் யாராவது "வீட்டு மொழியை நிறுத்துங்கள்" என்று சொன்னால், என்னைப் போல உடனே தலையாட்ட வேண்டாம். காரணம் கேளுங்கள்.

நம் அசோசியேஷனுக்கு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கம்யூனிட்டி ஹாலைக் கொடுத்தால், தாத்தா பாட்டிகள் அவரவர் மொழியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் தெலுங்கு, ஒரு வாரம் வங்காளம் என்று வைத்துக்கொள்ளலாம். டிசம்பரில் எங்கள் சம்பந்தியம்மா கொல்கத்தாவிலிருந்து வருகிறார். முதல் வங்காளக் கதையை அவர் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பேரனை முன்வரிசையில் உட்காரவைப்பது என் பொறுப்பு.

பி பிளாக்கிலிருந்து, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர்